உப்பில் ஊறும் உடம்பு: சிறுநீரகச் செயலிழப்பும் தோலும்

ஏரியில் இறங்கிப் பிழைக்கிறவர்களுக்கு உடம்பு ஊறுவது புதுச் செய்தி இல்லை. வலையில் இழுது மீன் ஏறினால் ஊறும். உப்பு காய்ந்தால் ஊறும். ஈரக் கைலியோடு நாள் முழுக்கப் படகில் உட்கார்ந்தால் தொடை இடுக்கில் படர்தாமரை வந்து ஊறும். இழுது மீனுக்கே 'சொறி' என்று பெயர் வைத்த கடற்கரை இது. அதனால்தான் பழவேற்காட்டுக் குப்பங்களில் சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் ராத்திரி முழுக்க முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு கிடந்தாலும், வீட்டில் யாரும் அதை நோயின் கணக்கில் சேர்ப்பதில்லை. "உப்புத் தண்ணி ஒத்துக்கல" என்று தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டு விளக்கை அணைத்துவிடுகிறார்கள்.

நோயாளியும் சொல்வதில்லை. டயாலிசிஸ் முடிந்து ஊசியைக் கழற்றும்போது நர்ஸ், "வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்காண்ணே?" என்று கேட்கிறார். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு இவர் பொன்னேரி ரயிலைப் பிடிக்க ஓடுகிறார். இது நம் ஊர்க் கூச்சம் மட்டும் இல்லை. பல நாடுகளின் டயாலிசிஸ் நோயாளிகளை விசாரித்து 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அரிப்பால் ஓயாமல் அவதிப்பட்டவர்களிலேயே 100க்கு 17 பேர் அதை எந்த மருத்துவப் பணியாளரிடமும் சொல்லியிருக்கவில்லை. டயாலிசிஸ் நிலையங்களை நடத்தும் மருத்துவர்களில் பெரும்பாலோர் தங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்கு அரிப்பு இருக்கிறது என்பதைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். சொல்கிறவர் சொல்லவில்லை, கேட்கிறவரும் கேட்கவில்லை. இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஊறல் எங்கிருந்து வருகிறது

சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டிய கழிவுகள் ரத்தத்தில் தேங்குகின்றன. பாஸ்பரஸ் ஏறுகிறது. அதைச் சமாளிக்கக் கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கிறது. தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் சுருங்குவதால் தோல் காய்ந்து, காலில் கருவாட்டுச் செதில் போல உரிகிறது. இவற்றோடு அரிப்பை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புகளும் தாறுமாறாகத் தூண்டப்படுகின்றன. எது எவ்வளவு பங்கு என்பது ஆளுக்கு ஆள் மாறும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு ஓரளவோ கடுமையாகவோ இந்த அரிப்பு உண்டு. டயாலிசிஸ் கட்டத்துக்கு வராதவர்களுக்கும் வரும்.

இந்த அரிப்புக்கு ஒரு குணம் உண்டு. முதலில் தோலில் ஒன்றுமே தெரியாது. தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. சொறிந்த பிறகுதான் கோடும் பொருக்கும் வருகின்றன. முதுகில் அதிகம் இருக்கும். இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கமும் இருக்கும். ராத்திரியில் கூடும். டயாலிசிஸ் ஒரு நாள் தவறினால் இன்னும் கூடும்.

முதலில் சிரங்கா என்று பாருங்கள்

எல்லா ஊறலையும் கிட்னியின் தலையில் கட்டிவிடவும் கூடாது. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் சிரங்கு ஒருவரோடு நிற்காது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சிறு பருக்கள் இருந்து, வீட்டில் இன்னொருவரும் ராத்திரியில் சொறிந்தால் அது சிரங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெர்மெத்ரின் 5% களிம்பைக் கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை ஓர் இடம் விடாமல் இரவில் தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை தடவ வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தடவ வேண்டும். ஊறாதவர் "எனக்கெதுக்கு" என்று ஒதுங்கினால் மற்றவர்கள் தடவியதும் வீண். பாய், போர்வை, துணி எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் போடுங்கள்.

சிரங்கை நான் இங்கே இவ்வளவு விரித்துச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. குழந்தைகள் சிரங்கைச் சொறிந்து அது சீழ்ப் புண்ணானால், அதில் குடியேறும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் விளைவாகச் சில வாரங்களில் சிறுநீரகம் வீங்கலாம். காலையில் முகம் உப்பியிருக்கும். சிறுநீர் கட்டன் காபி நிறத்தில் போகும். தாத்தாவுக்குக் கிட்னியால் தோல் கெடுகிற அதே வீட்டில், பேரனுக்குத் தோலால் கிட்னி கெடக்கூடும்.

குளியலும் எண்ணெயும்

ஏரியிலிருந்தோ கடலிலிருந்தோ கரையேறியதும் உப்பை உடம்பில் காயவிடாதீர்கள். நிலத்தடி நீரே உப்பாக இருக்கிற ஊரில், விலை கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரைக் குளிக்க ஊற்று என்று சொல்வது எளிது, செய்வது கஷ்டம் என்று தெரியும். முழுக் குளியல் வேண்டாம். கடைசியாக இரண்டு சொம்பு நல்ல தண்ணீரை ஊற்றி உப்பை இறக்கினால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும். அரை மணியில் இரண்டு மடங்கு ஊறும். குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி கலக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சோப்பு அக்குளுக்கும் இடுக்குகளுக்கும் மட்டும் போதும்.

துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வெள்ளைப் பாரஃபின் களிம்போ தடவுங்கள். காலை ஒரு முறை, படுக்கப் போகும் முன் ஒரு முறை. இரண்டு வாரம் விடாமல் செய்து பார்த்துவிட்டுப் பலன் இல்லை என்று சொல்லுங்கள். இரண்டு நாளில் சொல்லாதீர்கள். டயாலிசிஸ் நாளன்று ஊசி ஏற்றும் கையில் மட்டும் எண்ணெய் வேண்டாம், பிளாஸ்திரி ஒட்டாது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தாங்க முடியாதபோது ஈரத்துணியை அந்த இடத்தில் வைத்து அழுத்துங்கள், கீற வேண்டாம்.

தட்டில் இருக்கும் அரிப்பு

மீனவர் வீட்டில் மீன் சாப்பிடாதே என்று எழுதினால் இந்தப் புத்தகம் அடுப்புக்குத்தான் போகும். டயாலிசிஸ் செய்கிறவருக்குப் புரதம் தேவை, மீன் நல்ல புரதம். எந்த மீன், எப்படி என்பதில்தான் விஷயம். பாஸ்பரஸ் எலும்பில் அதிகம். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி போன்ற பொடி மீனில், மடவைச் சதை ஒரு துண்டில் இருப்பதைவிட அது கூடுதல். கருவாடு இரண்டு வகையில் கெடுதல்: காயும்போது பாஸ்பரஸ் செறிகிறது, உப்போ தாகத்தைக் கிளப்புகிறது. தாகத்தில் குடித்த தண்ணீர் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் மூச்சுத் திணறலாகவும் நிற்கும். கருவாட்டை வெந்நீரில் மூன்று முறை அலசினால் உப்பு கொஞ்சம் இறங்கும், முழுக்க இறங்காது. கறுப்புக் குளிர்பானங்களில் சேர்க்கும் பாஸ்பரஸ் ஏறக்குறைய அப்படியே ரத்தத்தில் ஏறிவிடும். அவற்றைத் தொடவே வேண்டாம். உடம்புச் சூடு தணிய என்று யாராவது இளநீர் கொடுத்தால் வாங்காதீர்கள். அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தை நிறுத்தக்கூடியது.

பாஸ்பரஸைக் கட்டிப் பிடிக்கக் கொடுக்கும் கால்சியம் அசிடேட், செவலமர் போன்ற மாத்திரைகள் சோற்றோடு போனால்தான் வேலை செய்யும். மருந்தை வீட்டில் வைத்துவிட்டுப் படகில் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு யோசனை: மதியச் சோற்றுத் தூக்கின் மூடிக்குள்ளேயே மாத்திரையை வைத்துக் கொடுங்கள்.

மருந்துக் கடையும் அடுத்த வீட்டு மாத்திரையும்

சாதாரண அலர்ஜி மாத்திரைகள் இந்த அரிப்பை அதிகம் குறைப்பதில்லை. தூக்கத்தைத்தான் கொடுக்கின்றன. அந்த மயக்கத்தோடு விடியற்காலையில் படகில் ஏறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செட்ரிசின் கூடச் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் அளவு குறைக்க வேண்டியது.

பலன் தருவதில் இங்கே எளிதாகக் கிடைப்பது கபாபென்டின். டயாலிசிஸ் முடிந்ததும் 100 மில்லிகிராம் என்ற சிறு அளவில் மருத்துவர் தொடங்குவார். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் எரிச்சலுக்குக் கொடுப்பதும் இதே மருந்துதான். ஆனால் அவர்களுக்கு 300 மில்லிகிராம் ஒரு நாளைக்கு மூன்று வேளை வரை போகும். அடுத்த வீட்டுக்காரரிடம் வாங்கிப் போட்டால் சிறுநீரகம் செயலிழந்தவருக்குத் தள்ளாட்டம், குழறல், நினைவு தப்புதல் என்று முடியும். ஜப்பானில் நால்ஃபுராஃபின் 2009 முதலும், அமெரிக்காவில் டிஃபெலிகெஃபாலின் 2021 முதலும் இதற்கென்றே அனுமதிக்கப்பட்டுள்ளன. தோல் துறைகளில் கொடுக்கும் புற ஊதா ஒளிச் சிகிச்சையும் நன்றாகக் கேட்கும். வாரம் இரண்டு மூன்று தடவை அதற்கும் போக வேண்டும் என்பதுதான் தொல்லை. 'ஏரி வெயில்தான் நாள் முழுக்க முதுகில் அடிக்கிறதே' என்று கேட்பவர்களுக்கு: அந்த விளக்கு குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தை மட்டும் அளந்து கொடுக்கிறது. வெயில் அளக்காமல் கொடுக்கிறது, தோலைக் காய வைக்கிறது.

வலை இழுத்த உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசியும் மாத்திரையும் வேண்டவே வேண்டாம். மிச்சம் இருக்கும் சிறுநீரகத்தையும் அது தின்றுவிடும்.

ஏரித் தண்ணீரில் பட்ட காயம்

வேறு ஊர்க்காரர்களுக்கான சிறுநீரகப் புத்தகங்களில் இந்தப் பகுதி இருக்காது. பழவேற்காடு ஏரி சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. முகத்துவாரம் வழியாகக் கடலும், மேற்கிலிருந்து ஆறுகளும் கலக்கிற இடம். இப்படி வெதுவெதுப்பாக, உப்பு குறைந்தும் கூடியும் இருக்கிற தண்ணீரில்தான் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி செழிக்கும். காலரா கிருமிக்குச் சொந்தம் இது. திடமான ஆளின் கீறலில் பட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கல்லீரல் கெட்டவர், சர்க்கரை உள்ளவர், சிறுநீரகம் செயலிழந்தவர் ஆகியோரின் காயத்தில் புகுந்தால் ஒன்றிரண்டு நாளில், சில சமயம் சில மணி நேரத்திலேயே, கை கால் வீங்கிச் சிவந்து, ரத்தக் கொப்புளம் கட்டி, உயிருக்கு உலை வைக்கும்.

ஏரித் தொழிலில் காயம்படாத நாள் எது? நண்டின் கவ்வல், இறால் தலை முள், கெளுத்தி முள், சேற்றுக்குள் கிடக்கும் ஆளி ஓடு. இடுப்பளவு தண்ணீரில் நகர்ந்து, கையால் தரையைத் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் விரல் நுனிகளைப் பார்த்தால் தெரியும். ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன்: டயாலிசிஸ் செய்கிறவர், சொறிந்த புண்ணோ வெடிப்போ உடம்பில் இருக்கும்போது ஏரியில் இறங்கக் கூடாது. கழுத்திலோ நெஞ்சிலோ குழாய் இருந்தால், வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்தால், இறங்கவே கூடாது. பிழைப்பு அதுதான் என்றால் கரையில் மீன் பிரிப்பது, வலை பின்னுவது, எடை போடுவது என்று மாற்றுங்கள். ஏரியில் வலை போட ஊர்களுக்குள் முறை வைக்கும் பாடு வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பாடு வருகிற நாளும் டயாலிசிஸ் நாளும் மோதும்போது பலர் டயாலிசிஸைத் தள்ளிப்போடுகிறார்கள். வேண்டாம். முறையை அண்ணன் தம்பி யாருக்காவது மாற்றிக் கொடுக்க ஊரில் பேசுங்கள்; அல்லது டயாலிசிஸ் நாளை மாற்றித் தர முடியுமா என்று வார்டில் முன்கூட்டியே கேளுங்கள்.

காயம் பட்டுவிட்டதா? உடனே நல்ல தண்ணீரும் சோப்பும் விட்டுக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, பீடிச் சாம்பல் எதையும் அப்ப வேண்டாம். கெளுத்தி முள் குத்தினால் சுடுதண்ணீரில் முக்கி வைக்கிற பழக்கம் சரியானதே, விஷவலி இறங்கும். சர்க்கரை நோயால் மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது என்பதால் வேறொருவர் கையை விட்டுப் பார்த்த பிறகே முக்குங்கள். அதன் பிறகு சிவப்பு பரவினாலோ, காயத்தின் அளவுக்குச் சம்பந்தமில்லாமல் வலித்தாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ காலை வரை காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "இது ஏரித் தண்ணியில பட்ட காயம், எனக்கு கிட்னி வேலை செய்யல." மருந்தையே மாற்றக்கூடிய வாக்கியம் அது.

விரல் இடுக்குச் சேற்றுப்புண்ணையும் லேசாக எண்ணாதீர்கள். வீங்கிய காலில் கிருமி நுழைய அதுவே வாசல். இடுக்கைத் துடைத்துக் காயவைத்து, பூஞ்சைக் களிம்பை முழு நான்கு வாரம் தடவுங்கள். கடையில் கேட்டதும் கொடுக்கும் மூன்று மருந்து கலந்த களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். ஊறல் நிற்கும், பூஞ்சை உள்ளே படரும்.

ஊசி ஏற்றும் கை

டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த கை இனி உங்கள் உயிர்நாடி. தினமும் காலையில் தொட்டுப் பார்த்து ரத்தம் பாயும் அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கையில் ரத்த அழுத்தப் பட்டை வேண்டாம், டயாலிசிஸ் ஊசி தவிர வேறு ஊசி வேண்டாம், மீன் கூடை மாட்ட வேண்டாம். அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் நீங்கள் வலை இழுக்கிறவர், துடுப்புப் போடுகிறவர் என்று சொல்லிவிடுங்கள். ஊசி குத்திய இடத்துப் பொருக்கை நகத்தால் பெயர்த்தால் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி நேரே ரத்தத்துக்குள் போய் இதய வால்வு வரை பாயும். புடைத்த இடத்தில் தோல் மெலிந்து பளபளத்தாலோ, பொருக்கு ஆறாமல் பெரிதானாலோ அன்றே காட்டுங்கள். உடைந்து ரத்தம் பீறிட்டால் துண்டை மேலே மேலே சுற்றக் கூடாது. சுத்தமான துணியை மடித்து அந்தப் புள்ளியிலேயே விரலால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

நிறம், நகம், கிரீம்

முகமும் கையும் கருக்கும். ரத்தசோகை சேர்ந்தால் வெளிறிய கருப்பாக, சாம்பல் படிந்தது போலத் தெரியும். நகத்தின் அடிப்பாதி வெள்ளையாகவும் நுனிப்பாதி பழுப்பாகவும் பிரியலாம். இவை ஆபத்தில்லை. நிறம் கருத்துவிட்டதே என்று சிவப்பழகு கிரீம் தேடுவதுதான் ஆபத்து. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2023இல், இப்படிப்பட்ட கிரீம்கள் பூசியவர்களின் சிறுநீரில் புரதம் ஒழுகுவதை மருத்துவர்கள் கண்டார்கள். காரணம் கிரீமில் இருந்த பாதரசம். நல்ல சிறுநீரகத்தையே கெடுத்த பொருள் அது. என்னென்ன சேர்ந்தது என்று தெரியாத பற்பம், செந்தூரம், லேகியம் எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

முழங்கால், முதுகு, கை ஆகியவற்றில் நடுக்குழியில் கருத்த பொருக்கோடு முண்டு முண்டாக வந்தால் கிள்ளாதீர்கள். சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்தவர்களுக்கு வருவது அது. கிள்ளிய இடத்திலெல்லாம் புதிதாக முளைக்கும்.

அக்கி வந்தால் குயவர் வீட்டில் காவி எழுதிக்கொள்வது நம் பழக்கம். எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவரையும் பாருங்கள். அசைக்ளோவிர் மாத்திரையைச் சிறுநீரகத்துக்கு ஏற்றபடி குறைத்தே தர வேண்டும். மற்றவர்களுக்குரிய அளவைப் போட்டால் மனம் குழம்பி, இல்லாததைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார்கள்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு மருவும் பூஞ்சையும், ஆண்டுகள் போகப்போகத் தோல் புற்றும் வரலாம். படகில் முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் போடுங்கள். சந்தேகமான முடிச்சைக் காட்டுங்கள்.

அன்றே புறப்பட வேண்டியவை

தொடையிலோ வயிற்றிலோ வலைக்கண் போல ஊதாக் கோடுகள் விழுந்து, தொட முடியாமல் வலித்து, பிறகு கருத்துப் புண்ணாவது மிக மோசமான அறிகுறி. சிறு ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து தோல் சாகிறது. அரிதாகத்தான் வரும், ஆனால் வந்தவர்களில் பலர் பிழைப்பதில்லை. வார்ஃபாரின் சாப்பிடுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். முகத்தில் உப்புப் பூத்தது போல வெள்ளைத் தூள் படிந்து, துடைத்தபின் மறுபடி படிந்தால், ஆள் ஏரிப் பக்கமே போகவில்லை என்றால், அது வியர்வையில் வந்த யூரியா. டயாலிசிஸ் அவசரமாகத் தேவை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போனால் கிட்னி நோயாளி என்று முதலிலேயே சொல்லுங்கள். சில பழைய வகைக் காடோலினியம் மருந்துகள் தோலைக் கட்டையாக்கிவிடும்.

பொன்னேரி அரசு மருத்துவமனையில் தொடங்குங்கள். அங்கிருந்து திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, சென்னையில் ஸ்டான்லிக்கோ, சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். சிறுநீரகத் துறைக்குப் போகிற அன்றே தோல் துறைக்கும் சீட்டு வாங்கிவிட்டால் ஒரு நாள் கூலி மிச்சம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையில் வையுங்கள், டயாலிசிஸ் அதில் அடங்கும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் திரவப் பைகள் வீட்டுக்கே வரும். ஊருக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை போவதற்கு முன் ஒரு வாரம், காலண்டர் தாளின் ஓரத்தில் தினமும் ஓர் எண் எழுதுங்கள். ஊறலே இல்லை என்றால் 0, இதைவிட மோசமாக இருக்க முடியாது என்றால் 10. எத்தனை முறை தூக்கம் கெட்டது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். நர்ஸ் வேறு தொந்தரவு உண்டா என்று கேட்கும்போது அந்தத் தாளை நீட்டுங்கள். கேட்காவிட்டாலும் நீட்டுங்கள்.